பின்னால் இருக்கும் கைப்பிடி

உக்காருங்க. அது வேண்டாம், இந்தச் சேர்ல உக்காருங்க, காத்து வரும். பாப்பா வெளியவே நிக்கட்டும். பசங்க பிராக்டிஸ் பண்றதப் பார்த்துட்டு இருக்கட்டும்.

சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு விசயமுங்க. நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் வந்திருப்பீங்க. விசாரிக்கத்தான் வேணும், பொம்பளப் புள்ளயப் பெத்தவரு. "நாச்சிமுத்து மாஸ்டரா... அவரா..."ன்னு யாராச்சும் இழுத்திருப்பாங்க. இல்லைன்னு சொல்லாதீங்க, மூஞ்சியிலயே தெரியுது. கண்டவன் சொல்றதக் கேக்கறதுக்குப் பதிலா நானே சொல்லிடறேன். அப்பறம் சேர்க்கறதும் சேர்க்காததும் உங்க இஷ்டம்.

இருபத்தாறு வருசமா கராத்தே சொல்லித் தர்றேனுங்க. ஒரு புகார் கிடையாது. ஒருத்தர் ஒரு சொல் சொன்னதில்லை. போன வருசம் ஆடி மாசம் பிடிச்சது இந்தச் சனி.

ரைஸ்மில் கந்தப்பன் தெரியுமுங்களா? ஊருக்குப் புதுசா நீங்க? சரி. மில்லு ரெண்டு, கல்யாண மண்டபம் ஒண்ணு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு காம்ப்ளக்ஸ். அந்தக் காம்ப்ளக்ஸ் மாடியிலதான் அப்ப என்ற கிளாஸ் நடந்துச்சு. இப்பத்தான் இந்தத் தகரக் கொட்டாய். அவரு ஒரு சேவைச் சங்கத்துக்குத் தலைவரு. கண்ணு முகாம், ரத்த முகாம்னு எதையாச்சும் பண்ணிட்டே இருப்பாரு. ஒரு நாள் கூப்பிட்டு விட்டாரு. "மாஸ்டர், இந்த வருசம் யாருமே பண்ணாத ஒண்ணு பண்றோம். வீல்சேர்ல இருக்கறவங்களுக்குத் தற்காப்புப் பயிற்சி. மூணு மாசம். கடைசியில நம்ம மண்டபத்துல விழா. பேப்பர்ல பெருசா வரோணும்"ன்னாரு.

எனக்கு அப்பவே பிடிக்கலைங்க. மறைக்க என்ன இருக்கு? கராத்தேன்னா முதல்ல நிக்கறது. எப்படி நிக்கோணும்னே ஆறு மாசம் சொல்லித் தர்றவன் நான். நிக்கவே முடியாதவங்களுக்கு என்னத்தச் சொல்லித் தர்றது? பாவத்தை வெச்சுப் போட்டோ எடுக்கற வேலைன்னு நெனச்சேன். ஆனா அவரு கட்டடத்துல இருந்துட்டு மாட்டேன்னு எப்படிச் சொல்றது? சரின்னுட்டேன்.

சனிக்கிழமை சனிக்கிழமை காலையில பத்து மணி. சங்கத்து ஹால்ல. ஆறு பேர் வந்தாங்க. அதுல ரெண்டு பேரை மட்டும் சொன்னாப் போதும். ஒருத்தர் மயில்ராஜ், எலக்ட்ரீசியனா இருந்தவரு, போஸ்ட் மரத்துல இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ போயிடுச்சு. இன்னொண்ணு கோகிலவாணி. முப்பத்தோரு வயசு. ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல ரிப்போர்ட் டைப் பண்ற வேலை. காலேஜ் படிக்கறப்ப ஸ்கூட்டர்ல போகும்போது லாரிக்காரன் அடிச்சுட்டான். ஒல்லியா இருக்கும், ஆனா தோள்லயும் கையிலயும் இருக்கற தெம்பு நம்ம சீனியர் பசங்களுக்கு இல்லைங்க. பத்து வருசமாச் சக்கரம் தள்ளின கை.

முதல் நாள் நான் எண்ணிக்கை சொல்ல, எல்லாரும் உக்காந்த மேனிக்கு நேராக் குத்தோணும். அவ்வளவுதான் என்ற பிளான். விழாவுல ஆறு பேரும் ஒரே நேரத்துல "ஹே"ன்னு கத்திக் குத்தினா ஜனம் கை தட்டும். மூணு மாசத்துக்கு அது போதும். பத்து நிமிசம் குத்தினாங்க. அப்பறம் இந்தக் கோகிலவாணி கையைத் தூக்குச்சு.

"மாஸ்டர், எனக்கு முன்னாடி வந்து நின்னு யாரும் சண்டை போட மாட்டாங்க. பின்னாடி இருந்து கைப்பிடியப் புடிச்சுத் தள்ளிட்டுப் போயிட்டா என்ன பண்றது?"

நான் சொன்னேன், "தள்ளிட்டுப் போனா நல்லதுதானே அம்மணி, உனக்குக் கை வலி மிச்சம்."

தமாசுக்குச் சொன்னதுங்க. ஒருத்தர் சிரிக்கலை. ஆறு பேரும் என்னையவே பார்க்கறாங்க. நான் ஏதோ அசிங்கமாப் பேசின மாதிரி. இவங்களுக்கெல்லாம் ஒரு தமாசு கூடத் தாங்காதுன்னு நெனச்சுட்டேன். அந்தப் புள்ள சக்கரத்தத் தள்ளிட்டுப் போயி, மூலையில சங்கத்துல டொனேசன் குடுக்க வெச்சிருந்த புது வீல்சேர் ஒண்ணு கெடந்துச்சு, அதைக் காட்டி, "ஒரு நிமிசம் அதுல உக்காருங்க மாஸ்டர்"ன்னுச்சு.

உக்காந்தேன். எனக்கென்ன பயம்? மயில்ராஜ் எனக்குப் பின்னாடி வந்தாரு. கைப்பிடிய ஒத்தக் கையில புடிச்சுக் கீழ அமுக்குனாரு பாருங்க, முன் சக்கரம் ரெண்டும் மேல வந்துடுச்சு. நான் மல்லாக்கப் போறேன். கையைக் கண்ட பக்கம் வீசுறேன், புடிக்க ஒண்ணுமில்லை. விட்டத்துல இருந்த ஃபேன் மட்டும் தெரியுது. சத்தம் வந்துடுச்சுங்க என்ற வாயில இருந்து. "ஐயோ அம்மா"ன்னு. பயத்துல இல்லை, திடீர்னு ஆனதால. யாருக்கா இருந்தாலும் வரும்.

மெதுவா எறக்கி விட்டாங்க. கோகிலவாணி சொல்லுது, "தெனமும் இதுதான் மாஸ்டர். பஸ் ஸ்டாண்டுல, கோயில்ல, ஆஸ்பத்திரியில. கேக்காமயே புடிச்சுத் தள்ளுவாங்க. உதவின்னு தள்ளறவனும் இருக்கான், வேற நெனப்புல தள்ளறவனும் இருக்கான். ரெண்டு பேருக்கும் என்ற முதுகுதான் தெரியுது. அவன் மூஞ்சி எனக்குத் தெரியாது."

அன்னைக்கு வீட்டுக்குப் போயி எனக்குச் சோறு எறங்கலை. ரோசம். இருபத்தாறு வருசம் ஆடின ஆளு, ஒரு புள்ளைக்கு முன்னாடி அம்மான்னு கத்தியிருக்கேன். வீட்டுல பிளாஸ்டிக் சேரைப் போட்டு உக்காந்தேன். என்ற சம்சாரத்தப் பின்னாடி நின்னு புடிச்சு இழுங்கறேன். அவ, "உங்களுக்கு என்ன கிறுக்குப் புடிச்சுருச்சா"ங்கறா. ஒரு வாரம் பார்த்தேன். அப்பத்தான் எனக்கு வேலை சூடு புடிச்சுச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க, இருபத்தாறு வருசத்துல நான் புதுசா யோசிச்சது அந்த ரெண்டு மாசந்தான்.

விழறதுக்கே ஒரு முறை இருக்குதுங்க. சேர் மல்லாக்கப் போனா தாடைய நெஞ்சோட ஒட்டிக்கோணும், ஒரு கைய முட்டிக்கு மேல அணைச்சுக்கோணும். இல்லைன்னா விழற வேகத்துல சொந்த முட்டியே வந்து மூஞ்சியில அடிக்கும். முன்னாடி ஒருத்தன் வந்து குனிஞ்சான்னா அவன் தொண்டை உங்க கைக்கு எட்டும். குனியலைன்னா இன்னும் நல்லது, எங்க அடிச்சா ஆம்பளை உக்காந்துருவானோ அந்த இடம் சரியா உங்க முஷ்டி மட்டத்துல இருக்கும். கால் வெக்கற தகடு இருக்கே, அது இரும்பு. சேரைச் சுத்துனா அது அவன் முழங்காலுக்குக் கீழ எலும்புல வந்து எறங்கும். இதெல்லாம் நான் கண்டுபுடிச்சது.

ஒரு வாரம் நான் சொன்னேன், "யாராச்சும் கிட்ட வந்தா முதல்ல பிரேக்கப் போட்டுக்கோங்க, சேர் நகராது." கோகிலவாணி கேட்டுச்சு: "நீங்க சண்டைன்னு வந்தா உங்க காலைக் கட்டிக்குவீங்களா மாஸ்டர்? நான் வெளிய எங்க போனாலும் பிரேக் போடவே மாட்டேன். பிரேக் போட்டா மாட்டுனேன்."

எதுக்கெடுத்தாலும் ஒரு பதில். வாய் கொஞ்சம் எச்சுங்க அதுக்கு.

கைப்பிடிக்கு ஒரு வழி கண்டுபுடிச்சோம். பின்னாடி புடிச்சிருக்கறவன் கையோட மல்லுக் கட்டக் கூடாது. தோளுக்கு மேல கைய விட்டு அவன் சுண்டு விரலை மட்டும் புடிக்கோணும். புடிச்சு மடக்கோணும். அதே நேரத்துல இன்னொரு கையால சக்கரத்தத் தள்ளோணும். சேர் சுத்தும், விரல் சுத்தாது. எப்பேர்ப்பட்டவனும் கைய விட்டுட்டு விரலுக்குப் பின்னாடியே வருவான். முதல்ல அதைப் பண்ணிக் காட்டுனது அந்தப் புள்ளதான். ஆனா அதுக்குப் பேரு வெச்சது நானுங்க.

நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. இந்தக் கந்தப்பன் வராம இருந்திருந்தா.

வாராவாரம் வருவாரு. வெள்ளைச் சட்டை, ஜவ்வாது வாசம். அந்த வாசம் இன்னைக்கு எங்காச்சும் அடிச்சா நான் வந்த வழியே திரும்பிடுவேன். வந்ததும் ஒவ்வொருத்தர் தலையிலயும் கைய வெப்பாரு, முப்பது வயசு நாப்பது வயசு ஆளுங்க தலையில, கொழந்தைக்கு வெக்கற மாதிரி. அப்பறம் போட்டோ. "நீ இங்க வா, நீ அங்க போ"ன்னு வாயில சொல்ல மாட்டாரு. அவரே கைப்பிடியப் புடிச்சு இழுத்து இழுத்து நிறுத்துவாரு, நாம மேசை நாற்காலி நகர்த்தறமே அப்படி. கோகிலவாணி சேரை மட்டும் கடைசி வரைக்கும் விட மாட்டாரு. போட்டோ முடிஞ்சும் கை அங்கயே இருக்கும். கைப்பிடியில இருந்து தோளுக்கு வரும். தோள்ல இருந்து கழுத்துக்கு வரும். பெரிய மனுசன், அறுபது வயசு, நாம என்னன்னு நெனைக்கறது? நான் அந்த நேரம் பார்த்து யாருக்காச்சும் பெல்ட்டு கட்டி விடுவேன்.

ரெண்டாவது மாசம் கடைசியில ஒரு சனிக்கிழமை. ஹாலுக்குப் பின்னாடி ஒரு நடை, அந்த நடையத் தாண்டித்தான் பாத்ரூம். நடுவுல ஒரு படி. சேரை யாராச்சும் தூக்கி விடோணும். எப்பவும் சங்கத்துல கூட்டற அம்மா தூக்கி விடும். அன்னைக்கு அது லீவு. கந்தப்பன், "நான் கொண்டு போறேன் வா"ன்னு கைப்பிடியப் புடிச்சுட்டாரு. அந்தப் புள்ள, "வேண்டாங்க, மாஸ்டர் வரட்டும்"னுச்சு. நான் மயில்ராஜுக்கு ஒண்ணு காட்டிட்டு இருந்தேன். "நீங்க உங்க வேலையப் பாருங்க மாஸ்டர்"ன்னு அவரு தள்ளிட்டுப் போயிட்டாரு.

கொஞ்ச நேரம் கழிச்சு நான் குத்திப் பழகற பேட் எடுக்க அந்தப் பக்கம் போனேன். பேட் நடையிலதான் இருக்கும். போனேன், திரும்பி வந்துட்டேன்.

என்னங்க? ஏன் திரும்பி வந்தீங்கன்னா? பேட் வேண்டாம்னு தோணுச்சு, வந்துட்டேன்.

அன்னைக்குக் கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் போனதுக்கப்பறம் கோகிலவாணி மட்டும் நின்னுச்சு. மூஞ்சி கல்லு மாதிரி இருந்துச்சு. "மாஸ்டர், அவரு இனிமே என்ற சேரைத் தொடக் கூடாது. நீங்க சொல்லிடுங்க. நான் சொன்னா வீட்டுல வேலையும் வேண்டாம் வகுப்பும் வேண்டாம்னு உக்கார வெச்சுருவாங்க."

நான் சொன்னேன், "அம்மணி, அவரு உனக்கு அப்பா மாதிரி. அன்புல பண்றதையெல்லாம் தப்பா எடுத்துக்கக் கூடாது."

"உங்களுக்கே தெரியும்"னுச்சு. அவ்வளவுதான். போயிடுச்சு. வாசல்ல சரிவு கொஞ்சம் செங்குத்தா இருக்கும், நான் ஓடிப் போயிப் புடிக்கலாம்னு கைப்பிடிக்குக் கை நீட்டினேன். திரும்பிக் கூடப் பார்க்காம, "தொடாதீங்க"ன்னுச்சு. எனக்கு எப்படி இருக்கும்? நான் யாருக்கு என்ன பண்ணினேன்? அந்தாளு பண்ணினதுக்கு என்னைய ஏன் அப்படிச் சொல்லோணும்?

கந்தப்பன்கிட்ட நான் பேசலைன்னு நெனைக்காதீங்க. பேசலாம்னுதான் மில்லுக்குப் போனேன். காப்பி வாங்கிக் குடுத்தாரு. கிளாஸுக்குப் புதுசா மேட் போட்டுத் தர்றேன்னாரு. பேச்சு அப்படியே மேட்டுப் பக்கம் போயிடுச்சு.

விழா வந்துச்சுங்க. கல்யாண மண்டபம் நெறஞ்சு வழியுது. நானூறு பேரு இருக்கும். மேடையில தோரணம், பேனர். பேனர்ல கந்தப்பன் மூஞ்சி வாசக்கதவு அகலத்துக்கு. என்ற பேரு கீழ, கண்ணாடி போட்டாத்தான் தெரியும். மைக்கு என்ற கையில. நான் வெளக்கம் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தரா வந்து செஞ்சு காட்டோணும். மயில்ராஜ் பிரமாதமாப் பண்ணினாரு. ஜனம் எந்திரிச்சுக் கை தட்டுது. கடைசியில கோகிலவாணி. பின்னாடி இருந்து புடிக்கறதுக்கு என்ற சீனியர் பையன் ஒருத்தனை நிறுத்தியிருந்தேன், ஆறடி.

அப்பத்தான் கந்தப்பன் நாற்காலியில இருந்து எந்திரிச்சாரு. கழுத்துல அப்பத்தான் போட்ட பொன்னாடை. "எதுக்குத் தம்பியத் தொந்தரவு பண்றீங்க, இன்னைக்கு நான்தான் திருடன்"னு சொல்லிட்டுச் சேருக்குப் பின்னாடி வந்து நின்னுட்டாரு. ஜனம் சிரிக்குது. அந்தப் புள்ள என்னையப் பார்த்துச்சு. நான் மைக்குல, "நம்ம தலைவரே களத்துல எறங்கிட்டாரு"ன்னேன். வேற என்னங்க சொல்றது? நானூறு பேரு முன்னாடி வேண்டாம்னு சொல்ல முடியுமா?

கைப்பிடிய அமுக்கிச் சேரை மல்லாக்கச் சாச்சாரு. சாச்சு அப்படியும் இப்படியும் ஆட்டறாரு, தொட்டில் ஆட்டற மாதிரி. ஜனம் இன்னும் சிரிக்குது. ஒரு கை கைப்பிடியில. இன்னொரு கை தோளுக்கு மேல எறங்குது. கீழ எறங்குது.

ஒரு நொடிதாங்க. தாடை நெஞ்சோட ஒட்டுச்சு, கை பின்னாடி போச்சு, சுண்டு விரல் மாட்டுச்சு. சேர் தடால்னு முன்னாடி எறங்கறப்பவே சக்கரத்தத் தள்ளிருச்சு. சேர் ஒரே சுத்து. விரலுக்குப் பின்னாடி ஆளு பக்கவாட்டுல வர்றாரு, தகடு முழங்காலுக்குக் கீழ எறங்குது, எலும்புல பட்ட சத்தம் மைக்குல கேட்டுச்சு. குனிஞ்சாரு. குனிஞ்சதும் இன்னொரு கையால பொன்னாடையப் புடிச்சு ஒரே இழு. கை வெக்கற கட்டையில மூக்குப் போயி மோதிச்சு. பொலபொலன்னு ரத்தம் வெள்ளைச் சட்டையில.

ஜனம் என்ன பண்ணிச்சுங்கறீங்க? எந்திரிச்சு விசில் அடிக்குது. ஷோன்னு நெனச்சுட்டாங்க. போட்டோகிராபர் ஓடி ஓடி எடுக்கறான்.

அந்தப் புள்ள விரலை விடலை. அந்தாளு மண்டி போட்டுக் கெடக்கறாரு, முனகறாரு. அது என்னையப் பார்த்துச் சொல்லுச்சு. கத்தலை. எனக்கு மட்டும் கேக்கற மாதிரிச் சொல்லுச்சு:

"மாஸ்டர், அன்னைக்குப் பேட் எடுக்க வந்தீங்கள்ல. நடை வாசல்ல நின்னு பார்த்தீங்க. நானும் உங்களப் பார்த்தேன். மைக்கு உங்க கையிலதான் இருக்குது. பார்த்ததைச் சொல்லுங்க, விட்டுடறேன்."

மைக்கு என்ற கையில. நானூறு பேரு. அப்பறம் வாய் தானாப் பேசுச்சுங்க. "இத்துடன் நமது செயல்விளக்கம் நிறைவு பெற்றது. எல்லாரும் ஒருமுறை பலத்த கரவொலி எழுப்புங்கள்." சுத்தத் தமிழ்ல. என்னைக்கும் நான் அப்படிப் பேசறவனே இல்லை.

கை தட்டுனாங்க. நல்லாத் தட்டுனாங்க.

அந்தப் புள்ள என்னையப் பார்த்துச்சே ஒரு பார்வை. கோவம்னா தாங்கிக்கலாமுங்க. கோவம் இல்லை. செருப்புல எதையோ மிதிச்சுட்டுப் பார்ப்போம் பாருங்க, அந்தப் பார்வை. விரலை விட்டுச்சு. சக்கரத்தத் தள்ளிட்டு மேடை ஓரத்துக்கு வந்து, மைக்கு இல்லாம, இருக்கற தொண்டையில சொல்லுச்சு, இந்தாளு சங்கத்து நடையில வெச்சு என்ன பண்ணினான்னு. முன் வரிசை நாலுக்குக் கேட்டுச்சு. அதுல தாசில்தாரம்மா ஒருத்தர் இருந்தாங்க. மீதி ஜனம் கை தட்டிட்டே இருந்துச்சு.

மேடையில நடந்ததை விடுங்க. அதுக்கப்பறம் நடந்ததுதான் எனக்கு இன்னைக்கும் ஆறலை. கலவரமாகி, அது ஆட்டோ புடிச்சுப் போயி, மயில்ராஜும் மத்தவங்களும் சர்டிபிகேட்டே வாங்காமப் போயி, எல்லாம் ஆச்சு. மண்டபத்துல பந்தி போட்டாச்சு. சமைச்சது வீணாகக் கூடாதுன்னு எல்லாரையும் உக்கார வெச்சாங்க. கந்தப்பன் மூக்குல பஞ்சை வெச்சுட்டு என்ற பக்கத்துல வந்து உக்காந்தாரு. "காப்பாத்திட்டீங்க மாஸ்டர்"ன்னாரு. வலது கை விரல்ல துணி சுத்தியிருந்துச்சு. அதனால இடது கையால அவரு இலையில இருந்த மைசூர்பாகை எடுத்து என்ற இலையில வெச்சாரு. "சாப்பிடுங்க"ன்னாரு.

சாப்பிட்டேனுங்க.

முழுசாச் சாப்பிட்டேன். நெய் தொண்டையில நின்னுச்சு. வீட்டுக்குப் போயி வாயில விரலை விட்டு வாந்தி எடுத்தேன், வரலை. பல்லு ரெண்டு தரம் வெளக்குனேன். ச்சை. அன்னையில இருந்து இனிப்புன்னா எனக்கு ஆகறதில்லை.

போலீசுல புகார் குடுத்துச்சு. ஒரு லேடி எஸ்.ஐ. என்ற கிளாஸுக்கே வந்தாங்க. "நடையில என்ன பார்த்தீங்க?"ன்னாங்க. "நான் ஒண்ணும் பார்க்கலைங்க மேடம், பேட் எடுக்கப் போனேன்"னேன். எழுதிக்கிட்டாங்க. எந்திரிக்கறப்ப, "நீங்கதானே தற்காப்பு சொல்லித் தர்றவரு?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். நோட்டை மூடிட்டுப் போயிட்டாங்க.

நெசமாலுமே நான் என்னங்க பார்த்தேன்? நீங்களே சொல்லுங்க. சேர் செவுத்தப் பார்த்து நின்னுச்சு. அவரு முதுகு தெரிஞ்சுது. பிரேக்குப் போட்டிருந்துச்சு. அந்தப் புள்ள பிரேக்கே போடாதுன்னு எனக்குத் தெரியும், அப்ப வேற யாரோதானே போட்டிருக்கோணும்? அது கை ரெண்டும் பிரேக்குக்குத் துழாவுச்சு, அவரு காலு குறுக்க இருந்துச்சு. அப்பறம் அது மூஞ்சி திரும்புச்சு. என்னைய நேராப் பார்த்துச்சு. அவ்வளவுதாங்க. இது ஒரு பார்த்ததாங்க? ஒரு நிமிசம் கூட இருக்காது. நான் ஹாலுக்கு வந்து சத்தமா எண்ணிக்கை சொல்ல ஆரம்பிச்சுட்டேன், அந்தச் சத்தத்துலயாச்சும் அவரு விட்டுருவாருன்னுதான். விட்டுட்டாரில்ல? அப்ப நானும் ஒரு உதவி பண்ணியிருக்கேன்னுதானே அர்த்தம்?

தண்ணி குடிங்க. வேண்டாமுங்களா? சரி.

என்ற சாட்சி இல்லைன்னா கேஸ் நிக்காதுன்னு கந்தப்பன் நம்பிட்டு இருந்தாரு. நானும்தான். ஆனா கூட்டற அம்மா போயிச் சொல்லிடுச்சு, இதுக்கு முன்னாடி தனக்கு நடந்ததையும் சேர்த்து. மயில்ராஜ் போயிச் சொன்னாரு, வாரா வாரம் கை எங்க போச்சுன்னு. தாசில்தாரம்மா சொன்னாங்க. கேஸ் கோர்ட்டுக்குப் போயிடுச்சு. சங்கத்துல இருந்து அவரைத் தூக்கிட்டாங்க. என்னைய யாரும் மறுபடி கூப்பிடலை. நான் இல்லாமயே எல்லாம் நடந்துருச்சுங்க.

கந்தப்பனும் என்னைய விடலை. வேலை முடிஞ்சுதில்ல. மாடியக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. பெத்தவங்க ஒவ்வொருத்தராப் புள்ளைகளை நிறுத்துனாங்க. ஏன்னு கேட்டா, "டியூசன் இருக்குதுங்க மாஸ்டர்." நாப்பத்தஞ்சு புள்ளைக இருந்த எடத்துல இப்பப் பதினொண்ணு. நீங்க வெளிய பார்க்கறீங்களே, அவ்வளவுதான். மண்டபத்துல ரத்தம் வர வெச்சது அது, கெட்ட பேரு எனக்கு. இது நாயமாங்க?

இப்பக் கோகிலவாணி தனியாக் கிளாஸ் நடத்துது. வீல்சேர்ல இருக்கறவங்களுக்கு மட்டுமில்லை, நல்லா நடக்கற புள்ளைகளும் போகுது. எனக்கு முதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. அப்பறம் எரிச்சல். அந்த விரல் முறைக்கு நான் வெச்ச பேரையும் மாத்திடுச்சாம். என்னதான் நடக்குதுன்னு ஒரு நாள் போயி வாசல்ல நின்னேன். புள்ளைகள்லாம் சேர்ல மாத்தி மாத்தி உக்காந்து பழகுதுக. நடக்கற புள்ளையையும் சேர்ல உக்கார வெச்சு மல்லாக்கச் சாய்க்குது. எல்லாம் கத்துதுக, அப்பறம் சிரிக்குதுக. அதுல ஒரு சின்னப் புள்ள என்னையப் பார்த்துட்டு, "அக்கா, யாரோ பார்க்கறாங்க"ன்னுச்சு.

கோகிலவாணி தலையத் திருப்பி ஒரு தரம் பார்த்துச்சு. "அவரா? அவரு எதையும் பார்க்க மாட்டாரு கண்ணு. நீ விரலைப் புடி"ன்னுச்சு.

கோவமே இல்லைங்க அந்தக் குரல்ல. செவுத்துல பல்லி இருக்குன்னு சொல்ற மாதிரி. எத்தனையோ அடி வாங்கியிருக்கேன், விலா எலும்பு ரெண்டு தரம் ஒடஞ்சிருக்கு. அப்படி ஒண்ணு வாங்குனதில்லை.

சரிங்க. நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன், எதையும் மறைக்கலை. பாப்பா பேரச் சொல்லுங்க, எழுதிக்கறேன்.

என்னங்க, எந்திரிச்சுட்டீங்க?

ஓ... அந்தப் புள்ள கிளாஸ் எங்க இருக்குதுன்னா கேக்கறீங்க?

மார்க்கெட் ரோட்டுல போயி, மாவு மில்லுக்கு எதிர்ச் சந்து. பழைய நூலகக் கட்டடம், கீழயே இருக்குது. செவ்வாய், வெள்ளி, சாயங்காலம் அஞ்சரைக்கு ஆரம்பிக்கும், ஏழு மணிக்கு விடும். வெள்ளிக்கிழமைன்னா கூட்டம் கொஞ்சம் எச்சு. செவ்வாய்க்கிழமையே போங்க. போனா வாசல்ல நிக்காம நேரா உள்ள போயிடுங்க. வாசலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வேப்பமரம் இருக்கும், அங்க நின்னா உள்ள இருந்து தெரியாது, ஆனா அஞ்சரை மணி வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும், எதுவும் சரியாத் தெரியாது.